குடிக்க உதவாத தண்ணீரும் உதவும்

லயத்து வீட்டின் தகரக் கூரை ஓரத்தில் பீப்பாய் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் துணி துவைத்தோம், வாசல் கழுவினோம், செடிகளுக்கு ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் போதாத குறைக்கு நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது. இன்று அதே ஏற்பாட்டுக்கு நகரத்து மாடிக் கட்டடங்கள் மதிப்பெண் பெறுகின்றன என்றால் வியப்பாக இல்லையா?

1998ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் கடுமையான தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே, கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பது பற்றி அரசாங்கம் வழிகாட்டி வெளியிட்டது. 2009இல் நம் நாட்டில் 'பசுமைக் கட்டடக் குறியீடு' என்னும் சான்றிதழ் முறை தொடங்கியது. மின்சாரம், காற்று, கட்டுமானப் பொருள், தண்ணீர் முதலியவற்றை ஒரு கட்டடம் எவ்வளவு சிக்கனமாகவும் நலமாகவும் பயன்படுத்துகிறது என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். அலுவலகம் போன்ற புதிய கட்டடங்களுக்கு அப்போது வகுத்த 100 மதிப்பெண்ணில் 10 தண்ணீருக்கு உரியது. மழைநீர் சேகரிப்பும், பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதும் அதில் அடங்கும்.

இதன் அடிப்படை எளியது. குடிக்கும் தண்ணீரை ஆற்றிலிருந்து எடுத்து, வடிகட்டி, மருந்திட்டு, வெகுதூரம் குழாயில் அனுப்புகிறார்கள். அதைக் கழிவறையில் ஊற்றலாமா? கழிவறைக்கும் தோட்டத்துக்கும் குடிநீர் தேவையில்லையே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,600 லிட்டர் மிஞ்சும். ஒரு தடவைக்கு 6 லிட்டர் வீதம், கழிவறையை 260 தடவைக்கு மேல் கழுவலாம்.

மழை மட்டுமா? குளிரூட்டியில் சொட்டும் நீரும் உண்டு. குளித்த நீரையும் கை கழுவிய நீரையும் சுத்திகரித்துக் கழிவறைக்கு அனுப்பலாம். ஆனால் அழுக்கு நீரை அப்படியே தேக்கி வைத்தால் நாற்றமெடுக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடும்போது அவை ஒருபோதும் கலக்கக் கூடாது. குழாய்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். நிறமும் வேறாக இருக்க வேண்டும். மழைநீர்த் தொட்டி வற்றினால் அதில் குடிநீர் விட நேரும். அப்போது குடிநீர்க் குழாயின் வாய் தொட்டி நீரைத் தொடாமல், நீர் நிரம்பி வழியும் மட்டத்துக்கும் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிவிடக் கூடும்.

நம் பிள்ளைகள் பலர் அத்தகைய கட்டடங்களில் காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் வேலை செய்கிறார்கள். தாகம் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் குழாயைத்தான் கை தேடும். ஆகவே அவர்களிடம் சொல்லி வையுங்கள்: குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாய் வைக்காதே! எழுத்து இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்! பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பதன் பயன் இதுவுமல்லவா?

வீட்டில் மழைநீர் பிடிப்பவர்களும் இதை மறக்கலாகாது. கூரையில் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். முதலில் வரும் நீரை வெளியே விட்டுவிடுங்கள். கொசு முட்டையிடாதபடி பீப்பாயை வலையால் இறுக மூடுங்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சிறிது தெளிந்த நீரே போதும். டெங்கி காய்ச்சல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அன்று இல்லாமையால் நாம் செய்ததை இன்று அறிவோடு செய்கிறார்கள். நாமும் அறிவோடு செய்வோம். குடிக்கும் தண்ணீர் குடிப்பதற்கு; மற்றது மற்ற வேலைக்கு. இரண்டையும் பிரித்தறிந்தால் தண்ணீரும் மிஞ்சும், உடல் நலமும் நிலைக்கும்.