குறிப்புகளை இணைப்போம்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் எழுதும் குறிப்புகள் பாடந்தோறும் தனித்தனி ஏடுகளில் தங்கிவிடுகின்றன. தேர்வு முடிந்ததும் ஏடு மறக்கப்படுகிறது. அதிலுள்ள செய்தியும் மறக்கப்படுகிறது. அக்குறிப்புகளைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, வாழ்நாள் முழுதும் பயன்படும் அறிவுத்தொகுப்பாக வளர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று ஏடுகள்

திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் விருதுநகர் மாவட்டத்தின் அடுத்தடுத்த ஊர்கள். அங்குப் பயிலும் மாணவி ஒருத்தி மூன்று ஏடுகளில் குறிப்பெழுதியிருப்பதாகக் கொள்வோம். தமிழ் ஏட்டில், 'திருப்பாவை பாடிய ஆண்டாளின் ஊர் திருவில்லிபுத்தூர்' என்றுள்ளது. வரலாற்று ஏட்டில், '1509 முதல் 1529 வரை விசயநகரப் பேரரசை ஆண்ட கிருஷ்ணதேவராயர், ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார்' என்றுள்ளது. பொது அறிவு ஏட்டில், 'இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழி அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா, 1989ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார்' என்றுள்ளது.

மூன்றும் பிழையற்ற குறிப்புகளே. ஆயினும், ஆமுக்தமால்யதா ஆண்டாளின் கதையைக் கூறுவது என்பதும், அதனைத் தமிழாக்கியமைக்கே ஜகந்நாத ராஜா பரிசு பெற்றார் என்பதும் எந்த ஏட்டிலும் இல்லை. திருவில்லிபுத்தூர்க் கதை தெலுங்குக் காவியமாகி, பக்கத்து ஊர் அறிஞரால் தமிழுக்கு மீண்டு வந்த நெடும்பயணத்தை அம்மாணவி அறியாமலே போகிறாள்.

முன்னோடிகள்

செய்திகளை இணைத்துக் காணும் முறை நமக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாத மேற்கோள்கள் பலவற்றைக் கண்டார். அவற்றின் மூலத்தை அறியப் பழஞ்சுவடிகளைப் பயின்று, சொற்களுக்கும் செய்திகளுக்கும் அகராதி எழுதி வைத்துக்கொண்டார். அவ்வுழைப்பின் பயனாய் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இருபதாம் நூற்றாண்டில் செருமானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமன், ஏறத்தாழ 90,000 தாள்களில் குறிப்பெழுதினார். ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டு, தொடர்புடைய தாளின் எண்ணை மற்றொன்றில் குறித்தார். அப்பெட்டிகளின் துணையுடன் பல நூல்களைப் படைத்தார்.

அமைக்கும் முறை

இதே பணியை இன்று கணினியிலுள்ள எளிய உரைதிருத்தி கொண்டு செய்யலாம். முதலில் ஒரு கோப்புறையை உருவாக்குக. ஒரு கருத்துக்கு ஒரு கோப்பு என அமைத்து, அக்கருத்தையே கோப்பின் பெயராக்குக. செய்தியை நூலிலிருந்து படியெடுக்காமல், விளங்கிக்கொண்டவாறு சொந்த நடையில் எழுதுக. செய்தி கிடைத்த நூலின் பெயரையும் பக்கத்தையும் இறுதியில் குறிக்க.

அடுத்தது இணைப்பு. 'ஆமுக்தமால்யதா' என்னும் கோப்பில், 'இக்காவியத்தின் தலைவி [[ஆண்டாள்]]. தமிழாக்கியவர் [[ஜகந்நாத ராஜா]]' என இரட்டைச் சதுர அடைப்புக்குள் பிற கோப்புகளின் பெயர்களை எழுதுக. சில திருத்திகளில் அப்பெயரைச் சொடுக்கியதும் உரிய கோப்பு திறக்கும். அவ்வசதி இல்லாதபோது கோப்புறையில் அப்பெயரைத் தேடித் திறக்கலாம். கோப்புறை முழுவதிலும் 'ஆண்டாள்' என்று தேடினால், அப்பெயரைச் சுட்டும் குறிப்புகள் அனைத்தும் ஒருங்கே தோன்றும்.

இணைப்புக்குக் காரணம் வேண்டும். திருவில்லிபுத்தூர்க் காடுகளில் வாழும் நரை அணிலைப் பற்றிய குறிப்பை, ஊர்ப்பெயர் ஒன்றே கருதி ஆண்டாளோடு இணைப்பதால் பயனில்லை. அதனை மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லுயிர்ப் பெருக்கத்தோடு இணைப்பதே பொருந்தும். ஏன் இணைக்கிறோம் என்பதை ஒரு தொடரிலேனும் எழுதும்போதுதான் நமக்கே தெளிவு பிறக்கிறது.

நிலைக்கும் செல்வம்

எளிய உரைக்கோப்பு எந்த ஒரு செயலியையும் சார்ந்து நிற்பதன்று. ஒருங்குறியில் சேமித்த தமிழ்க் குறிப்பைப் பெரும்பாலும் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் திறக்கலாம். கோப்புறையின் படியொன்றை வேறோரிடத்திலும் சேமித்தல் இன்றியமையாதது. கணினி இல்லாதோர் அட்டைகளில் எண்ணிட்டும் இதனைத் தொடங்கலாம்.

நாளும் ஒரு குறிப்பு, அதற்கு ஓர் இணைப்பு என எழுதிவந்தால், ஈராண்டுப் பள்ளிப்படிப்பு முடிவதற்குள் எழுநூறு குறிப்புகளுக்குக் குறையாமல் சேர்ந்துவிடும். அன்று அம்மாணவி தன் ஊரைப் பற்றித் தேடினால், மூன்று ஏடுகளில் பிரிந்து கிடந்த கதை ஒரே திரையில் அவள்முன் விரியும்.