ஸ்பெல்லிங் பீ-யில் தேனீ எங்கே?

சிங்காநல்லூரில் எங்க வீதிப் பெண் ஒருத்தி ஆறாவது படிக்கிறாள். பள்ளியில் 'ஸ்பெல்லிங் பீ' போட்டி. "ஏனுங்க மாமா, பீ-ன்னா தேனீ தானுங்க? இந்தப் போட்டிக்கு எதுக்குங்க அந்தப் பேரு?" என்று கேட்டாள். (தமிழில் எழுதினால் கொஞ்சம் நெளிய வைக்கும் சொல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"தேனீ சுறுசுறுப்பு இல்லையா கண்ணு, அதனாலதான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அகராதியைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது.

பல பேர் கூடி ஒரு வேலையை முடிக்கும் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் 'பீ' என்று பெயர். அமெரிக்காவில் 1769-லேயே நூல் நூற்கக் கூடுவதை 'ஸ்பின்னிங் பீ' என்று அச்சில் எழுதியிருக்கிறார்கள். மக்காச்சோளம் உரிக்க 'ஹஸ்கிங் பீ', ஒட்டுத்துணிப் போர்வை தைக்க 'குயில்டிங் பீ'. கூலி கிடையாது. இன்று உன் வீட்டில், நாளை என் வீட்டில். எழுத்துப் போட்டி இந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்தது. அதன் தேசியப் போட்டி 1925-ல் தொடங்கியது. 1985-ல் அதை வென்ற பாலு நடராஜன்தான், இந்திய வம்சாவளியில் முதல் வெற்றியாளர்.

தேனீக்கள் கூடி உழைப்பதால் இந்தப் பெயர் என்றுதான் பலரும் நம்பினார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி வேறு வழி காட்டுகிறது. 'பீன்' என்றொரு ஆங்கில வட்டாரச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறது. அக்கம்பக்கத்தார் தாமாக முன்வந்து செய்யும் உதவி என்று அதற்குப் பொருள். அதற்கும் முந்தைய பழஞ்சொல்லின் பொருள் வேண்டுதல். 'பீலைன்' கதை வேறு. தேனோடு கூட்டுக்கு நேராகத் திரும்பும் தேனீயின் வழி அது, அதில் பூச்சி நிஜமாகவே இருக்கிறது.

நம்மூரில் தேனீயும் மொய்க்கும், கல்யாண மண்டபத்தில் எழுதுவதும் மொய். சொல் ஒன்றாக இருக்கிறதே என்று உடனே கதை கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை, ஒருதரம் பட்டது போதும். ஆனால் வேலை ஒன்றுதான். ஒரு வீட்டுச் சுமையை ஊர் கூடித் தாங்குகிறது, அந்த வீடு நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறது.

மறுநாள் போய், நான் சொன்னது தப்பு என்று விளக்கினேன். யோசித்தாள். "ஆனா மேடையில நான் தனியாத்தானுங்க நிக்கோணும். இதுல உதவி எங்கீங்க மாமா?"

பதில் தெரியவில்லை. வார்த்தைப் பட்டியலை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தேன்.