படையிலிருந்து திரும்பும் ஜவானும் புதிய சம்பளமும்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நம் நாட்டில் பல உண்டு. இருபது வயதுக்குள் சேர்ந்த ஜவான், பென்ஷனுக்குரிய 15 ஆண்டுச் சேவையை முடித்துத் திரும்பும்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பியிராது. குழந்தைகள் பள்ளியில் படிக்கும் காலம் அது. ஆகவே, வேறு வேலை தேடுவது அவசியமாகிறது.

அப்போது அவர் காதில் விழும் முதற் கேள்வி, "உமக்குத்தான் பென்ஷன் வருகிறதே, இந்தச் சம்பளம் போதாதா?" என்பதாகும். பலர் பதிலறியாது தலையசைத்துவிடுகின்றனர். பென்ஷன் முன்பு செய்த சேவைக்குக் கிடைப்பது. புதிய உழைப்புக்கு அது கூலியாகாது. அதிகாரிப் பதவிக்குக் கீழ்ப்பட்டு, 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்றவர் மத்திய அரசில் மீண்டும் பணியேற்றால், 1986-ஆம் ஆண்டு உத்தரவுகளின்படி, சம்பள நிர்ணயத்தில் அவருடைய பென்ஷன் முழுவதும் விலக்கப்படுகிறது. அரசே ஏற்ற நியாயம் இது. அரசு வேலையில் சம்பளம் விதிப்படி அமையும். தனியார் வேலையிலோ பேசித்தான் பெறவேண்டும்.

பேசுமுன் கணக்குப் போடுதல் வேண்டும். படையில் உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் யாவற்றையும் அரசு அளித்தது. வெளியில் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பணமே செலவாகும். வேலை நேரத்தையும் பார்க்கவேண்டும். உதாரணமாக, நாளொன்றுக்கு 12 மணி வீதம் 30 நாளைக்கு 15,000 ரூபாய் என்றால், மணிக்குச் சுமார் 42 ரூபாயே கிடைக்கிறது. 8 மணி வீதம் 26 நாளைக்கு 13,000 ரூபாய் என்றால், மணிக்கு 62 ரூபாய் 50 காசு ஆகிறது. பெரிய தொகையாகத் தோன்றுவது உண்மையில் சிறிய கூலி!

2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் பென்ஷன்தாரரும் குடும்பத்தாரும் சேரலாம். அதில் சேர்ந்தவர், தனி மருத்துவக் காப்பீட்டைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க இணங்கவேண்டியதில்லை; அதற்கீடாகச் சம்பளத்தையோ விடுமுறையையோ கூட்டிக் கேட்கலாம். வாகனம் ஓட்டுதல், மின்வேலை, மருத்துவ உதவி முதலிய பயிற்சிகள் படைவிலகல் சான்றில் இருப்பின், அவற்றைக் காட்டித் தேர்ந்த தொழிலாளிக்குரிய ஊதியம் கோரலாம். வேலை நேரம், மிகைநேரக் கூலி, வருங்கால வைப்பு நிதி, வார ஓய்வு ஆகியவை நியமனக் கடிதத்தில் எழுத்தில் இருப்பது நலம். வாய்ச்சொல் பின்னர் உதவாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் பெரிதும் துணை செய்யலாம். ஊர் திரும்பும் ஜவானை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்துகொள்ளச் செய்யுங்கள். கையொப்பமிடுமுன் நியமனக் கடிதத்தை அவருடன் அமர்ந்து படியுங்கள். எல்லையைக் காத்தவர் தம் உழைப்பின் விலையை அறியாது ஏமாறுதல் ஆகாது.