ஆளுக்கு ஆள் பண்டமாற்று! அமெரிக்கப் பந்தாட்டத்தில் ஒரு விநோத வியாபாரம்

அமெரிக்க மக்களுக்கு "பேஸ்பால்" என்றால் உயிர். ஒருவர் பந்தை எறிவார். எதிரி அதை உருண்டைத் தடியால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்துவிட்டால் ஒரு "ரன்". கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று இதைச் சொல்லலாம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. பந்தயங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கோஷ்டி தன் ஆட்டக்காரரை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்துவிடும். பதிலுக்கு வேறு ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளும். நேற்று எதிரி, இன்று தோழன்!

ஏன் மாற்றுகிறார்கள்?

ஒவ்வொரு கோஷ்டியும் ஓர் ஆண்டில் 162 பந்தயங்கள் ஆட வேண்டும். பாதி முடிந்ததும், யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

வெற்றியை நெருங்கும் கோஷ்டியில் ஏதாவது ஒரு குறை இருக்கும். அதைத் தீர்க்க ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். தேறாத கோஷ்டிக்கோ அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை. அது தன் பெரிய ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு, வளரும் இளைஞர்களை வாங்கிக்கொள்ளும்.

இதற்குக் கெடு உண்டு. முன்பு ஜூன் 15-ந்தேதி கெடுவாக இருந்தது. 1986-ம் ஆண்டில் அது ஜூலை மாதக் கடைசிக்கு மாறியது.

ஆறு பேர் கைமாறினார்கள்

1964-ம் ஆண்டு ஜூன் 15. கெடு முடியும் நாள். செயின்ட் லூயி நகரின் "கார்டினல்ஸ்" கோஷ்டி தோல்விமேல் தோல்வி கண்டு தவித்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகி பிங் டிவைன், சிகாகோ நகரின் "கப்ஸ்" கோஷ்டியோடு பேரம் முடித்தார். மூன்று பேரைக் கொடுத்து, மூன்று பேரை வாங்கினார்.

கொடுத்தவர்களில் முக்கியமானவர் எர்னி பிரோக்லியோ. பேர்பெற்ற பந்து எறிபவர். முந்தைய ஆண்டில் 18 பந்தயங்களை வென்றவர். வாங்கியவர்களில் முக்கியமானவர் லூ பிராக். வயது 24. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. காற்றாய் ஓடுவார். ஆனால், நாலு தடவைக்கு ஒரு தடவைதான் பந்தைச் சரியாக அடிப்பார்.

"தங்கத்தைக் கொடுத்துத் தகரத்தை வாங்கிவிட்டார்களே!" என்று செயின்ட் லூயியில் பலர் முகம் சுளித்தார்கள்.

தகரம் தங்கமானது!

புதிய கோஷ்டியில் பிராக்கின் ஆட்டமே மாறிவிட்டது. மூன்று தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் பந்தைச் சரியாக அடித்தார். எதிரி அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதை இந்த ஆட்டத்தில் "திருட்டு" என்பார்கள். மீதமிருந்த பந்தயங்களில் அப்படி 33 தடவை "திருடினார்" பிராக்!

அப்போது முன்னணியில் இருந்தது பிலடெல்பியா கோஷ்டி. கடைசி நாட்களில் அது தொடர்ந்து 10 பந்தயங்களில் தோற்றது. கார்டினல்ஸ் 93 வெற்றிகளோடு, ஒரே ஒரு பந்தய வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தது. பிறகு இறுதிப் போட்டியில் பலம் மிகுந்த நியூயார்க் "யாங்கீஸ்" கோஷ்டியையும் வீழ்த்தியது. அன்று அக்டோபர் 15. ஆள் மாறி சரியாக நான்கு மாதம்!

பேரம் பேசிய டிவைன் அந்த வெற்றியைப் பதவியில் இருந்து பார்க்கவில்லை. ஆகஸ்டு மாதமே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பிரோக்லியோவின் கதை இன்னும் சோகமானது. அவருடைய கையில் கோளாறு. அந்த ஆண்டே முழங்கையில் ஆபரேஷன் நடந்தது. சிகாகோவுக்காக அவர் வென்றது 7 பந்தயங்கள், தோற்றது 19. 1966-ம் ஆண்டோடு அவரது பெரிய ஆட்டம் முடிந்தது.

பிராக் 1979 வரை ஆடினார். மொத்தம் 938 "திருட்டுகள்" செய்தார். 1985-ல் பேஸ்பாலின் "புகழ் மண்டப"த்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

"நான் போகமாட்டேன்!"

நிர்வாகிகளுக்கு இது ஒரு கணக்கு. ஆட்டக்காரருக்கோ வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறுகிறது. அவரைக் கேட்டா மாற்றுகிறார்கள்?

பிராக்கின் கோஷ்டியில் கர்ட் பிளட் என்ற கறுப்பின வீரர் இருந்தார். 12 ஆண்டுகள் அங்கே ஆடியவர். 1969-ல் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். தாம் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று வழக்குப் போட்டார். 1970-ம் ஆண்டு முழுவதும் ஆடவே இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் அவருக்கு எதிர். மூன்று பேர் ஆதரவு. பிளட் தோற்றார். அவரது ஆட்ட வாழ்க்கையும் அதற்குள் முடிந்துவிட்டது.

ஆனாலும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. பெரிய ஆட்டத்தில் 10 ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி 5 ஆண்டுகள் ஒரே கோஷ்டியில் இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1973-ல் விதி வந்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் "கர்ட் பிளட் விதி".