காந்திபுரத்துல வெயில், கோவை குற்றாலத்துல வெள்ளம்: ஆடி பதினெட்டோட கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஜூலை கடைசி ஆச்சுன்னா நம்ம இன்பாக்ஸுக்கு ரெண்டு கேள்வி தவறாம வரும். ஒண்ணு, "ஆடி பதினெட்டுக்கு ஃபேமிலி, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து எங்க போலாம்?" இன்னொண்ணு, "சிட்டில சுள்ளுன்னு வெயில் அடிக்குது, அப்புறம் எதுக்கு கோவை குற்றாலத்தை மூடி வெச்சிருக்காங்க?"

வேற வேற கேள்வி மாதிரி இருந்தாலும் ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு. நம்ம கொங்குக் குடும்பங்கள் வருஷத்துல எப்ப, எங்க கூடணும்னு முடிவு பண்ணினது தண்ணியும் காத்தும்தான். அந்தக் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு ஆத்தங்கரை ஒரு நோம்பி. தெரியாம இறங்குறவங்களுக்கு அது உயிர் போற இடம். இன்னிக்கு அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு வருஷத்து டைம்டேபிள்

முதல்ல தையில இருந்து வருவோம். பொங்கல் முடிஞ்ச கையோட நம்ம பக்கத்து ஊர்கள்ல பூப்பறிக்கிற நோம்பி நடக்கும். பொண்ணுங்க, குழந்தைங்க எல்லாம் கூட்டமா கிளம்பி, ஆவாரம்பூ பறிச்சுட்டு, கொண்டுபோன பலகாரத்தை ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு, கும்மியடிச்சுட்டு வருவாங்க. மழை ஓஞ்சு, வெயில் ஏறாத நேரம். நாள் முழுக்க வெளியில இருந்தாலும் தெரியாது.

அடுத்து வெள்ளியங்கிரி. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் ஏற விடுவாங்க. ஜூன் வந்தா மலை மேல காத்தும் மழையும் ஆளை நிக்க விடாது. சித்திரை, வைகாசியில சமவெளி கொதிக்கிறப்ப எல்லாரும் ஊட்டிக்கு ஏறுவோம். மலர்க் கண்காட்சி மே மாசத்துல நடக்கிறதும் அந்த சீசனுக்காகத்தான்.

அப்புறம் ஆடி. இது ஒண்ணுதான் தண்ணியைப் பார்க்கறதுக்குன்னே குடும்பமா கிளம்புற மாசம். பதினெட்டாம் நாள், அதாவது ஆகஸ்ட் 2 இல்லைன்னா 3. ஏன் சரியா அந்த நேரம்?

மலைக்கு நடுவுல ஒரு வாசல்

மேப்பைத் திறந்து கோயமுத்தூருக்கு மேற்கால பாருங்க. வடக்குல நீலகிரி, தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்குல ஆனைமலைத் தொடர், ஆனைமுடி 2,695 மீட்டர். ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

ஜூன் மாசம் தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருது. மேகம் மலையில மோதி மேல ஏறி, குளிர்ந்து, மழையைக் கொட்டிடும். மலைக்கு இந்தப் பக்கம் இறங்குறப்ப அதுல ஈரம் ரொம்பக் குறைஞ்சிருக்கும். நமக்கு மிஞ்சுறது கணவாய் வழியா வர்ற காத்தும், கொஞ்சம் சாரலும்தான். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாலை நிக்கிறதுக்கு இதுதான் காரணம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப நம்பரைப் பாருங்க. கோவை நகரத்துக்கு ஒரு வருஷத்துல கிடைக்கிற மழை சுமாரா 600, 700 மில்லிமீட்டர். அதுலயும் பெரிய பங்கு அக்டோபர், நவம்பர்ல வர்ற வடகிழக்கு மழை. அதே மாவட்டத்துல வால்பாறைக்கு மேல இருக்கிற சின்னக்கல்லார்ல 3,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும். அதுல பெரும்பகுதி ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள வந்துடும்.

ஆக, காந்திபுரத்துல வெயில் அடிக்கிறப்பவே சிறுவாணி மலையில கொட்டிட்டு இருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல 40 கிலோமீட்டர் கூட இருக்காது. நீங்க பார்க்கிற வானம் வேற, உங்க காலடியில ஓடுற தண்ணியோட வானம் வேற. வனத்துறை கேட்டை மூடுறது அந்த இன்னொரு வானத்தைப் பார்த்துத்தான்.

ஆடிக்குள்ள தண்ணி எப்படி வந்து சேருது

பவானி ஆத்தை எடுத்துக்கலாம். நீலகிரியில பிறந்து, கேரளாவுக்குள்ள போய், அட்டப்பாடி வழியா வளைஞ்சு திரும்பத் தமிழ்நாட்டுக்கு வருது. வழியில சிறுவாணி ஆறும் அதுல சேர்ந்துக்குது. பில்லூர் அணை, மேட்டுப்பாளையம், பவானிசாகர், கோபி பக்கத்துல கொடிவேரி, கடைசியில பவானி ஊர்ல கூடுதுறை. அங்கதான் காவிரியில கலக்குது.

ஜூன்ல ஆரம்பிக்கிற மழையில முதல்ல மண்ணு ஊறும். அப்புறம் ஓடை ஓடும், அணை நிறையும். ஜூலைதான் உச்சம். அது முடியறப்ப, நல்ல வருஷம்னா, ஆறு கரை தொட்டு ஓடும். ஆடி பதினெட்டு சரியா அங்க வந்து உக்காருது. வானிலை ஆபீஸ் இல்லாத காலத்துல, பல தலைமுறை பார்த்த அனுபவத்துல குறிச்ச தேதி.

1955-ல பவானிசாகர் அணை கட்டி முடிச்ச பிறகும் இந்தக் கணக்கு பெருசா மாறலை. கீழ்பவானி வாய்க்கால்ல பாசனத்துக்குத் தண்ணி திறக்கிற வழக்கமான நாள் ஆகஸ்ட் 15. ஆடிப்பெருக்கு முடிஞ்சு ரெண்டே வாரம்.

நோம்பிக்குள்ள இருந்த வேலைகள்

நம்ம ஊர்ல பண்டிகைன்னு சொல்ல மாட்டோம், நோம்பின்னுதான் சொல்லுவோம். ஆடி நோம்பியில என்னென்ன நடக்கும்னு உங்க அமுச்சிகிட்டக் கேட்டுப் பாருங்க. முதல்ல தூரியைத்தான் சொல்லுவாங்க. ஊஞ்சலுக்கு நம்ம பேர் தூரி. பெரிய புளியமரத்துலயோ வேப்பமரத்துலயோ கயிறு கட்டி, பொண்ணுங்க ரெண்டு பக்கமும் நின்னு உந்தி ஆடுவாங்க. ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் ஆடி ஒண்ணாந்தேதி தேங்காய் சுடுவாங்க. கண்ணைத் துளைச்சு, வெல்லம், பாசிப்பருப்பு, எள்ளு, அவல் எல்லாம் போட்டு, குச்சியில செருகி நெருப்புல வாட்டுறது. பதினெட்டு அன்னிக்கு ஆத்தங்கரை. ஏழு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார்னு கும்பிடுவாங்க. கல்யாணம் ஆனவங்க தாலிக்கயிறு மாத்திக்குவாங்க. புதுசா கட்டிக்கிட்டவங்களுக்குத் தலை ஆடி: மாமனார் வீட்டுல இருந்து அழைப்பு, விருந்து.

சாப்பாடு கட்டுச்சோறு. புளிசோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. காலையில கட்டினா சாயங்காலம் வரைக்கும் கெடாம தாங்கணும், அதான் லாஜிக். பக்கத்துல விரிச்ச ஜமுக்காளத்துல யார் உக்காந்திருக்காங்களோ அவங்களுக்கும் ஒரு பங்கு போகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது முளைப்பாரி. நவதானியத்தை முளைக்க வெச்சுக் கொண்டுபோய் ஆத்துல விடுவாங்க. அடுத்து வர்றது ஆடிப்பட்டம். சோளம், நிலக்கடலை, துவரை எல்லாம் விதைக்கிற நேரம். வீட்டுல இருக்கிற விதை நல்லா முளைக்குதாங்கிறது ஒரு தட்டுலயே தெரிஞ்சுபோகும். நம்ம பாஷையில சொன்னா புரொடக்ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்டிங். ஊரே ஒரு இடத்துல கூடுறதால யார் வீட்டு விதை நல்லா வந்திருக்கு, யாருக்கு உழவு மாடு வேணும், யார் வீட்டுல பொண்ணு பார்க்கறாங்க, எல்லா சேதியும் கை மாறும்.

இன்னொரு நினைவும் இந்த நாளோட சேர்ந்திருக்கு. தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் 1805-ல சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டாங்க. அவரோட நினைவு நாளை ஆடி பதினெட்டுலதான் அனுசரிக்கிறாங்க.

நொய்யலுக்கு என்ன ஆச்சு

கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஆடி பதினெட்டுக்கு ஆறுன்னா நொய்யல்தான். வெள்ளியங்கிரி மலையில பிறந்து, பேரூர் வழியா நகரத்தைத் தொட்டு, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில சேருது. இன்னிக்கும் ஆடி பதினெட்டுக்குப் பேரூர் படித்துறையில கூட்டம் இருக்கும். ஆனா நகரத்தைத் தாண்டினா சாக்கடையும் சேர்ந்து ஓடுற ஆறு அது. திருப்பூருக்குக் கீழ பல வருஷம் சாயக்கழிவு ஓடுச்சு. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர் தேங்குற இடமாச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு.

இதோட விளைவை நம்ம டாபிக்கோட சேர்த்துப் பாருங்க. வீட்டுப் பக்கத்து ஆறு போனதும் குடும்பங்கள் கார் எடுத்துக்கிட்டு கொடிவேரிக்கும், கூடுதுறைக்கும், ஆழியாருக்கும் போக ஆரம்பிச்சோம். தன் ஊர் ஆத்துல எங்க பள்ளம், எங்க சுழல்னு பெரியவங்களுக்கு அத்துப்படி. 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆத்தைப் பத்தி நம்ம காருல இருக்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. ஆபத்து அங்கதான் உள்ள வருது.

முழங்கால் தண்ணிதானேன்னு நினைக்காதீங்க

ஓடுற தண்ணி உங்க காலைத் தள்ளுற விசை, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. அதனால ஆழம் அப்படியே இருந்தாலும், அஞ்சு நிமிஷம் முன்னாடி நின்ன இடத்துல இப்ப நிக்க முடியாம போகலாம்.

நியூஸ்ல "விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு"ன்னு வரும். ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சொச்சம். அப்ப ஒவ்வொரு விநாடியும் 2,80,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரின்னா, ஒரு விநாடிக்கு 23 லாரி.

தடுப்பணையில இன்னொரு விஷயம் இருக்கு. மேல இருந்து விழுற தண்ணி அடியில போய், மேற்பரப்புல திரும்ப அணைச் சுவரைப் பார்த்தே சுழண்டு வரும். மாட்டினவங்களை வெளியில தள்ளாது, உள்ளயே புரட்டிக்கிட்டு இருக்கும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களும் அதுல தப்பிக்கிறது கஷ்டம். பார்க்க அமைதியா, வெள்ளையா நுரைச்சுக்கிட்டு இருக்கிறதாலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க.

இந்த வருஷம் கிளம்பறதுன்னா

ஒண்ணு: முந்தின நாளே பில்லூர், பவானிசாகர் நியூஸைப் பாருங்க. பில்லூரோட முழுக் கொள்ளளவு 100 அடி. 97 அடியைத் தொட்டா வர்ற தண்ணியை அப்படியே திறந்து விட்டுடுவாங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து கரையோரம் பூரா எச்சரிக்கை போகும். அன்னிக்கு ஆத்துப் பக்கம் வேண்டாம்.

ரெண்டு: போன உடனே தண்ணி விளிம்புல ஒரு கல்லைக் குறியா வையுங்க. கல்லு முங்க ஆரம்பிச்சா, தெளிஞ்ச தண்ணி செம்மண் கலர் ஆனா, குச்சியும் இலையும் கூட்டமா மிதந்து வந்தா, சத்தம் மாறினா, யோசிக்காம மேட்டுக்கு வந்துடுங்க. செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம்.

மூணு: யாராச்சும் அடிச்சுட்டுப் போனா பின்னாடியே குதிக்காதீங்க. கயிறு, சேலை, மூங்கில், மூடி போட்ட காலி கேன், எது கிடைக்குதோ அதை வீசுங்க. 112-க்குக் கூப்பிடுங்க. வண்டியில ஒரு நீளமான கயிறு எப்பவும் கிடக்கட்டும். தண்ணி நல்லா இருந்தா அதே கயிறு தூரி கட்ட ஆகும்.

நாலு: உள்ளூர்க்காரர் ஒருத்தர்கிட்டக் கேளுங்க. "ஏனுங்கண்ணா, இங்க இறங்கலாமுங்களா?" அஞ்சு விநாடி வேலை. அவர் வேண்டாம்னா வேண்டாம்.

ஐடி வேலைன்னு பெங்களூரு, சென்னைன்னு சிதறிக் கிடக்கிற நம்ம செட்டுக்கு ஆடி பதினெட்டு பெரும்பாலும் வேலை நாள்லதான் வரும். பக்கத்து ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்குங்க, சாமி கோவிச்சுக்காது. தண்ணியில இறங்க முடியலைன்னாலும் போங்க. கரையில ஜமுக்காளம் விரிச்சு, கட்டுச்சோத்தைப் பிரிச்சு, ஆறு நிறைஞ்சு போறதைப் பார்த்துட்டு வாங்க. பெருக்குன்னா அதுதான். முடிஞ்சா அமுச்சியையும் அப்புச்சியையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க எந்தப் படியோட நிக்கச் சொல்றாங்களோ அந்தப் படியோட நில்லுங்க.

உங்க ஊர்ல ஆடி நோம்பி எப்படி நடக்கும், தூரி கட்டுற மரம் இன்னும் இருக்கான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடறேன். பத்திரமா போயிட்டு வாங்க.