காலநிலை அறிக்கையின் ஓரத்தில் யாருடைய கையெழுத்து?

அரசாங்க அறிக்கை என்றாலே கொட்டாவி வருகிறதா? அப்படியானால் இந்தப் பக்கங்களை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. தட்டச்சு செய்த வரிகள், அவற்றின் குறுக்கே பேனாவால் இழுத்த கோடுகள், வரிக்கு நடுவே செருகிய சொற்கள், ஓரத்தில் எழுதிய சிறு குறிப்புகள். 2002, 2003 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் காலநிலை அறிக்கைகள் அச்சுக்குப் போகுமுன் வெள்ளை மாளிகைக்குப் போய்த் திரும்பி வந்த வரைவுகள் இவை.

ஒரு வரியைப் பாருங்கள். பூமி வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். மாறிக்கொண்டிருக்கலாம் என்று பேனா திருத்தியிருக்கிறது. இன்னொரு பக்கத்தில், உயிரினங்களிடம் தெரியும் மாற்றங்களுக்குக் காலநிலைதான் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம் என்று இருக்கிறது. அந்தக் ‘கடினம்’ பேனா பட்டதும் ‘மிக மிகக் கடினம்’ ஆகிவிட்டது. மூன்றாவதைக் கேளுங்கள்: மலைப் பனியாறுகளும் பனிப்படிவும் குறையும் என்று சொல்லும் ஒரு பத்தி முழுவதும் அடிக்கப்பட்டிருக்கிறது. இது ஆராய்ச்சித் திட்டத்தை விட்டு விலகி ஊகத்துக்குள் போகிறது என்ற பொருளில் பக்கத்திலேயே ஒரு குறிப்பு. ஒரு வல்லரசின் காலநிலைக் கொள்கை எந்த இடத்தில், எந்த அளவில் உருவாகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! படிக்கப் படிக்க எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை.

இந்தப் பக்கங்களைப் பத்திரப்படுத்தி ஊருக்குக் காட்டியவர் ரிக் பில்ட்ஸ். இவர் விஞ்ஞானி அல்ல, அரசியல் அறிவியல் படித்தவர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் அறிவியல் குழுவில் அலுவலராக இருந்தார். 1995இல் அமெரிக்க உலக மாற்ற ஆராய்ச்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு வந்தார். பத்து ஆண்டுகள் அங்கேதான். பதவியின் பெயர் கொஞ்சமும் கவர்ச்சியில்லாதது: முதுநிலை இணையாளர். செய்தியாளர் கூட்டத்தில் மைக்கின் முன் நிற்கும் ஆள் இல்லை, பின்வரிசையில் கோப்போடு உட்காருகிற ஆள்.

அந்த அலுவலகத்தில் என்ன நடக்கும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நாசா, கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம், எரிசக்தித் துறை, வேளாண் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்று 13 அரசு அமைப்புகள் அப்போது காலநிலை ஆராய்ச்சி செய்துவந்தன. எல்லாம் சேர்த்து அந்த நாட்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவு. ஒருவர் செயற்கைக்கோள் அனுப்புவார், ஒருவர் பனிப்பாளத்தில் துளை போடுவார், ஒருவர் சோள வயலில் வெப்பம் என்ன செய்கிறது என்று பார்ப்பார். இத்தனை பேரும் கண்டதை ஒரே அறிக்கையாக்கி நாடாளுமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். ஜனாதிபதியின் நிதிநிலைத் திட்டத்துக்குத் துணையாக ஆண்டுதோறும் ஒரு புத்தகம் போகும், பெயர் ‘நமது மாறும் கோள்’. அதைத் தொகுக்கிற வேலை பில்ட்ஸின் மேசைக்கு வந்தது.

ஒரு வாக்கியம் எப்படிப் பயணம் போகிறது பாருங்கள். முதலில் ஆராய்ச்சியாளர் எழுதுவார். துறை அதிகாரி படித்துச் சுருக்குவார். ஒருங்கிணைப்பு அலுவலகம் பல துறைகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரே நடைக்குக் கொண்டுவரும். வரைவு 13 அமைப்புகளுக்கும் சுற்றுக்குப் போகும். ஒவ்வொருவரும் கருத்து எழுதுவார்கள், சண்டை வரும், சமாதானம் வரும். அதற்கப்புறம் வெள்ளை மாளிகை. நிதிநிலை அலுவலகம், அறிவியல் கொள்கை அலுவலகம், சுற்றுச்சூழல் தரக் குழு ஆகிய மூன்று வாசல்களையும் தாண்டினால்தான் அச்சகம். நம்மூர்த் தலைமைச் செயலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கேயும் கடைசி மேசைக்குத்தான் பலம் அதிகம்.

2001இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சிக்கு வந்த பிறகு, சுற்றுச்சூழல் தரக் குழுவின் தலைமை அலுவலராக உட்கார்ந்தவர் பிலிப் கூனி. வழக்கறிஞர், பொருளாதாரம் படித்தவர், அறிவியல் பயிற்சி இல்லாதவர். அதற்கு முன் அவர் இருந்த இடம் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், எண்ணெய் நிறுவனங்களின் சங்கம். அங்கே காலநிலை விவகாரக் குழுவுக்கே தலைவர்! வரைவுகளில் நாம் பார்த்த பேனா இவருடையது.

பில்ட்ஸுக்கு அந்தத் திருத்தங்களைப் பார்த்த உடனேயே ஒன்று விளங்கியது. இலக்கணப் பிழை திருத்துகிற கை இது இல்லை. ஒவ்வொரு திருத்தமும் ஒரே பக்கம் சாய்கிறது. உறுதியாக இருந்தது தளர்கிறது, சந்தேகம் பெருக்கப்படுகிறது, மனிதனின் பங்கு குறைக்கப்படுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன மாற்றம்தான். ‘லாம்’ ஒன்று, ‘சாத்தியமான’ ஒன்று, ‘கணிசமான நிச்சயமின்மை’ ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு சராசரி நாடாளுமன்ற உறுப்பினர் என்ன நினைப்பார்? விஞ்ஞானிகளே இன்னும் முடிவுக்கு வரவில்லை, நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்றுதான். இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் பட்டம் தேவையில்லை. எந்தச் சொல் எந்த மேசையில் என்ன விளைவை உண்டாக்கும் என்று தெரிந்த ஒரு கொள்கை ஆய்வாளர் தேவை. பத்தாண்டு அனுபவம் முழுவதும் அவர் கண்ணில் திரண்டு நின்ற இடம் இது. அதனால்தான் அந்தத் தொழிலின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

2005 மார்ச்சில் பில்ட்ஸ் பதவி விலகினார். விலகிய பின் உயரதிகாரிகளுக்கு நீண்ட குறிப்பு ஒன்றை எழுதினார்: அரசியல் தலையீடு ஆராய்ச்சித் திட்டத்துக்குள்ளேயே புகுந்து அதன் நம்பகத்தன்மையை அரிக்கிறது என்பது அதன் சாரம். உண்மையை வெளியிடும் அரசு ஊழியர்களுக்குத் துணை நிற்கும் ‘அரசாங்கப் பொறுப்புடைமைத் திட்டம்’ என்ற அமைப்பு அவருக்குக் கை கொடுத்தது. ஜூன் 8ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஆண்ட்ரூ ரெவ்கின் எழுதிய செய்தி வந்தது, திருத்திய பக்கங்களின் சான்றோடு.

அதற்கப்புறம் நடந்ததைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். இரண்டே நாளில் கூனி பதவி விலகினார். செய்திக்கும் விலகலுக்கும் தொடர்பில்லை, முன்பிருந்தே யோசித்து வந்ததுதான் என்றது வெள்ளை மாளிகை. சில நாட்களில் அடுத்த அறிவிப்பு வந்தது: அவர் எக்ஸான்மொபில் நிறுவனத்தில் சேருகிறார். உலகின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்று!

2006இல் பில்ட்ஸுக்கு ரைடன்ஹவர் விருது கிடைத்தது. வியட்நாமின் மை லாய் படுகொலையை வெளியே கொண்டுவந்த ரான் ரைடன்ஹவரின் பெயரால், உண்மை பேசியவர்களுக்குத் தரப்படும் விருது அது. அதே ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனோடு இவரும் வந்தார். பின்வரிசை மனிதர் முன்வரிசைக்கு வந்த ஆண்டு.

2007 ஜனவரியில் ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான கீழவைக் குழுவின் முன் பில்ட்ஸ் சாட்சி சொன்னார். மார்ச்சில் கூனியும் அதே குழுவின் முன் வந்து உட்கார்ந்தார். தேசிய அறிவியல் கழகத்தின் 2001 அறிக்கையை ஒட்டித்தான் திருத்தினேன், எண்ணெய்த் தொழிலின் நலனுக்காகச் செய்யவில்லை என்பது அவருடைய வாதம். அந்தக் கழக அறிக்கையிலும் நிச்சயமின்மைகள் பேசப்பட்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் குழுவின் அலுவலர்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து எண்ணியிருந்தார்கள். ஆராய்ச்சித் திட்டத்தின் வியூக ஆவணம் ஒன்றில் மட்டும் நிச்சயமின்மையைப் பெரிதாக்கும் திருத்தங்கள் குறைந்தது 181, மனிதனின் பங்கைச் சுருக்கும் திருத்தங்கள் குறைந்தது 113. எண்ணிப் பார்க்கவும் ஆள் வேண்டும், எண்ணும்படி காகிதம் மிஞ்சவும் ஆள் வேண்டும்.

இவ்வளவு பரபரப்பில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. பில்ட்ஸைப் பொறுத்தவரை பேனாத் திருத்தங்கள் மிகப்பெரிய குற்றம் அல்ல! அவரை உண்மையில் கொதிக்க வைத்தது ஒரு புத்தகம் காணாமல் போனது.

1990இல் ஒரு சட்டம் வந்தது, உலக மாற்ற ஆராய்ச்சிச் சட்டம். கையெழுத்திட்டவர் மூத்த புஷ், அதாவது இந்த புஷ்ஷின் அப்பா. குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை காலநிலை மாற்றத்தின் விளைவுகளை மதிப்பிட்டு நாடாளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். அதன்படி முதல் தேசிய மதிப்பீடு 2000இல் வந்தது. வேளாண்மை, நீர், உடல்நலம், காடு, கடற்கரை என்று ஐந்து துறைகளைப் பிரித்துக்கொண்டு, வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டு, விவசாயியையும் நீர் மேலாளரையும் நகராட்சி ஆளையும் விஞ்ஞானியோடு ஒரே அறையில் உட்கார வைத்துத் தயாரித்தது. உலகச் சராசரி வெப்பநிலை இத்தனை டிகிரி உயரும் என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன புரியும்? உன் மலையில் பனி குறைந்தால் உன் ஆற்றில் கோடையில் தண்ணீர் இருக்காது என்று சொன்னால் புரியும். அப்படிச் சொன்ன புத்தகம் அது.

அந்தப் புத்தகத்தைப் புதிய ஆட்சி பேசவே விடவில்லை. எண்ணெய் நலன்களுக்குச் சார்பான ஒரு சிந்தனைக் குழாம் அதன்மேல் வழக்குப் போட்டது. பிறகு வந்த திட்ட ஆவணங்களிலிருந்து அதைப் பற்றிய குறிப்புகள் ஏறக்குறைய சுத்தமாகத் துடைக்கப்பட்டன. அடுத்த மதிப்பீட்டுக்கான வேலையும் நின்றது. புஷ் ஆட்சியின் மையமான காலநிலை அறிவியல் ஊழல் இதுதான் என்று பில்ட்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய நிலைப்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. கரிம உமிழ்வுக்கு வரி போடுவதா வேண்டாமா என்பதை மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்யட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் என்ன நடக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதை மக்கள் கைக்கு எட்டவிடாமல் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. திருத்திய வாக்கியம் வாசகரைக் குழப்பும், மறைத்த புத்தகம் வாசகரையே இல்லாமல் ஆக்கிவிடும் என்பதை நானும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

பதவி விலகிய பிறகு ‘கிளைமேட் சயின்ஸ் வாட்ச்’ என்ற கண்காணிப்பு முயற்சியைத் தொடங்கி, கடைசிவரை அதிலேயே உழைத்தார். ஒபாமா ஆட்சி வந்ததும் கடையை மூடிவிடவில்லை. காலநிலை பற்றி அந்த ஆட்சி போதுமான அளவு வாய் திறக்கவில்லை என்றும் குரல் கொடுத்தார். தாக்குதலுக்கு உள்ளான விஞ்ஞானிகளுக்காகவும் வாதாடினார்.

மதிப்பீட்டுக்கான சண்டை நீதிமன்றத்திலும் நடந்தது. சட்டப்படி தர வேண்டிய மதிப்பீட்டைத் தராமல் இருக்க முடியாது என்று 2007இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008இல் ஓர் ஆவணம் வந்தது. 2009இல் முழு வடிவிலான இரண்டாம் தேசிய மதிப்பீடு, 2014 மே மாதம் மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் பில்ட்ஸ் போனார். அதே ஆண்டு அக்டோபரில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 71.

நான்காவது 2018இலும் ஐந்தாவது 2023இலும் வந்தன. 2025 ஏப்ரலில், ஆறாவதற்காகச் சேர்ந்திருந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஜூன் முடிவில் பழைய மதிப்பீடுகளை வைத்திருந்த அரசுத் தளமும் மறைந்தது. ஆனால் ஆசிரியர்கள் விடுவிக்கப்பட்ட சில நாட்களிலேயே அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கமும் அமெரிக்க வானிலையியல் சங்கமும் கை கோத்து அறிவித்தன: அந்த ஆய்வுகளை எங்கள் இதழ்களுக்கு அனுப்புங்கள், சக விஞ்ஞானிகளைக் கொண்டு சரிபார்த்து நாங்கள் வெளியிடுகிறோம். 1990 சட்டமோ இன்னும் நீக்கப்படவில்லை. அதன் கணக்குப்படி அடுத்த மதிப்பீடு 2027க்குள் நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.