நல்லர்பார் கேரவன் பயணம்: பிளானை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியைக் கேரவன்ல கடக்கணும்னா, மேற்கே நார்ஸ்மனிலிருந்து கிழக்கே செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். பார்க்க வேண்டிய இடங்களைத்தான் எல்லாரும் முதல்ல குறிப்பாங்க. நான் சூரியன் மறையற நேரத்தைத்தான் முதல்ல குறிப்பேன். டெட்லைன்ல இருந்து பின்னாடி கணக்கு போடற மாதிரிதான்.

காரணம் இருக்கு. இருட்டினா கங்காருவும் வாம்பட்டும் ரோட்டுக்கு வரும். கேரவனை இழுத்துட்டுப் போற கார் சட்டுனு நிக்காது. அதனால, பொழுது சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடணும். நெடுஞ்சாலை ஓரமா இலவசமா தங்கற ரெஸ்ட் ஏரியாக்கள் இருக்கு. குடிதண்ணி மட்டும் நாமதான் கொண்டுபோகணும்.

இப்ப இடங்களைச் சேருங்க. பலடோனியா, கைகுனா நடுவுல 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத ரோடு. ஹெட் ஆஃப் பைட்ல, ஜூன் முதல் செப்டம்பர் வரை திமிங்கலங்கள். கடைசியா ஒண்ணு: செடூனா சோதனைச்சாவடியில பழம், காய்கறியை வாங்கிடுவாங்க. அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுங்க.